அஞ்சு தடவை அமுக்கினா ஆன் ஆகணும்... ஆகலைன்னா?

நைட் ஷிஃப்ட்டில் இருக்கும்போது, அதிகாலை 3 மணிக்கு மேல் வீட்டு ஆட்களிடமிருந்து மெசேஜ் வந்தாலே வயிறு கலங்கும். போன நவம்பரில் ஒரு நாள் 3.10க்கு லண்டனிலிருந்து பெரியம்மா பையன் அனுப்பியிருந்தார். இரண்டே வார்த்தை. ‘பட்டன் போச்சு.’

சட்டை பட்டனா, லிஃப்ட் பட்டனா என்று கேட்டு, கூடவே ஒரு சிரிப்பு ஸ்மைலியும் போட்டேன். அடுத்த நொடி போன் அடித்தது.

“விளையாடாத. கடை வாசல்ல நிக்கிறேன். உள்ள போனா சிகரெட் வாங்கிடுவேன். கொஞ்ச நேரம் ஏதாவது பேசிட்டு இரு.”

அங்கே அப்போது இரவு 9.40. அண்ணன் சிகரெட்டை விட்டு அன்றோடு பதினொரு மாதம். அந்தப் பதினொரு மாதமும் அவருக்குத் துணையாக இருந்தது ஓர் இ-சிகரெட். அதன் பட்டன்தான் போயிருந்தது.

போன வாரம் இதே பகுதியில் மிக்ஸி ஜாரின் கப்ளர் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் படித்துவிட்டு அண்ணனே கேட்டார், “கப்ளருக்கு ஒரு கட்டுரைன்னா என் பட்டனுக்கு ஒண்ணு கிடையாதா?” என்று. எழுதலாம், ஆனால் பெரியம்மா இந்தப் பகுதியை வாரம் தவறாமல் படிப்பவர். “அம்மாவுக்கு எப்படியும் தெரியும். தெரியாத மாதிரி இருக்காங்க, அவ்ளோதான்” என்றார். பெரியம்மா, நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், அண்ணனிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். இந்தியாவில் இ-சிகரெட்டுக்குத் தடை இருக்கிறது. 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமாக வந்து, அதே ஆண்டு டிசம்பரில் முழுச் சட்டமானது. தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, இருப்பு வைப்பது, விளம்பரம் செய்வது எல்லாமே குற்றம். முதல் முறை விற்றுப் பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதனால் இந்தக் கட்டுரையில் எந்தக் கம்பெனியின் பெயரும் மாடலும் வராது. இன்பாக்ஸில் வந்து ‘அக்கா, எங்க கிடைக்கும்’ என்று கேட்காதீர்கள். கதை நடப்பது லண்டனில்.

பொம்மை மாதிரி ஒரு பெட்டி

அண்ணன் சிகரெட்டைத் தொட்டது கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது. லண்டன் போனபோதும் அது கூடவே போனது. குளிரில், மழையில், பால்கனி இல்லாத வீட்டில், படி இறங்கித் தெருவுக்கு வந்து நின்று பிடிப்பாராம். அங்கே 20 சிகரெட் உள்ள பாக்கெட் 15 பவுண்டுக்கு மேல். நம் கணக்கில் ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டும். காசுக்காக விடவில்லை. மகள் ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்து, “அப்பா, உங்க கோட் கிட்ட வந்தா தும்மல் வருது” என்றாளாம். அன்றைக்குத்தான் விடுவது என்று முடிவெடுத்திருக்கிறார்.

இங்கிலாந்தில் அரசே 2023 ஏப்ரலில் ஒரு திட்டம் அறிவித்தது. சிகரெட்டை விட நினைக்கும் பத்து லட்சம் பேருக்கு இ-சிகரெட் தொடக்கப் பெட்டியும், கூடவே ஆலோசகரின் உதவியும் தருவது என்று. நமக்குக் கேட்கவே வினோதமாக இருக்கும். இங்கே விற்றால் ஜெயில், அங்கே அரசே கொடுக்கிறது. அந்த நாட்டுச் சுகாதாரத் துறை இதை ‘நல்லது’ என்று சொல்லவில்லை. புகையிலை எரியாததால் சிகரெட்டைவிடக் கெடுதல் குறைவு, ஆனால் கெடுதலே இல்லை என்பதும் கிடையாது, சிகரெட் பிடிக்காதவர்களும் சிறுவர்களும் இதைத் தொடவே கூடாது என்பதுதான் அவர்கள் நிலைப்பாடு. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்பது அங்கேயும் குற்றம்.

அண்ணனுக்கு அப்படிக் கிடைத்த முதல் சாதனத்தில் பட்டனே கிடையாது. வாயில் வைத்து இழுத்தால் தானாக வேலை செய்யும். அது எப்படி என்று தெரிந்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. உள்ளே மைக் மாதிரி ஒரு குட்டி வில்லை இருக்கிறது. போனில் நாம் பேசும் மைக்கின் அதே சொந்தக்காரன்தான். இழுக்கும்போது உள்ளே காற்றழுத்தம் குறையும், வில்லையின் மெல்லிய சவ்வு அசையும், ‘இழுக்கிறார்’ என்று சிப்புக்குத் தகவல் போகும், கம்பிச்சுருள் சூடாகும். 2003 வாக்கில் இன்றைய இ-சிகரெட்டுக்கு வடிவம் கொடுத்த சீன மருந்தாளுநர் ஹோன் லிக், இழுத்தால் தானாக இயங்கும் முறையைத்தான் எடுத்துக்கொண்டார். சிகரெட் பிடிப்பவருக்கு அமுக்கிப் பழக்கமில்லை, இழுத்துத்தானே பழக்கம்?

நல்ல யோசனைதான். ஆனால் சாதனத்துக்குள் இருப்பது பிசுபிசு திரவம். புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் கலந்தது. நம்மூர் மருந்துக் கடையில் விற்கும் கிளிசரினை விரலில் தொட்டுப் பாருங்கள், எவ்வளவு நேரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரியும். காற்றில் இருக்கும் ஈரத்தையும் அது இழுத்துக்கொள்ளும். அந்த ஈரம் கசிந்து சவ்வில் படிந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். எவ்வளவு இழுத்தாலும் வேலை செய்யாது. அல்லது யாரும் இழுக்காமலே வேலை செய்யும்.

அண்ணனுக்கு இரண்டாவது நடந்தது. ஒரு ராத்திரி அண்ணி விழித்துப் பார்த்தால், கட்டில் பக்கத்து மேஜையில் அது தானாக மினுக் மினுக் என்று எரிந்துகொண்டிருக்கிறது. லேசாகச் சூடு வேறு. அண்ணி அதை ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் போட்டுப் பாத்ரூமில் வைத்துவிட்டு வந்து, “இது வீட்ல இருந்தா நான் இருக்க மாட்டேன்” என்றாராம்.

மறுநாளே அண்ணன் பட்டன் உள்ளது ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினார். அமுக்கினால்தான் வேலை செய்யும், விட்டால் நின்றுவிடும். பட்டனை வேகமாக ஐந்து முறை அமுக்கினால் ஆன், இன்னொரு ஐந்து முறை அமுக்கினால் ஆஃப். ஆஃபில் இருந்தால் பாக்கெட்டில் கிடந்து தவறுதலாக அமுங்கினாலும் ஒன்றும் ஆகாது. ஆனில் இருக்கும்போதே பட்டன் சிக்கிக்கொண்டாலும், எட்டு முதல் பத்து நொடியில் சிப் தானாக நிறுத்திவிடும். இவ்வளவு பாதுகாப்பும் நம்பி நிற்பது ஒரே ஒரு பட்டனை.

துவரம்பருப்பு அளவு ஸ்விட்ச்

வெளியே தெரியும் பட்டன் வெறும் மூடிதான். அதற்குக் கீழே உண்மையான ஸ்விட்ச் ஒன்று இருக்கிறது. ரிப்பேர் கடைக்காரர்கள் ‘டேக்ட் ஸ்விட்ச்’ என்பார்கள். ரிச்சி தெருவில் கேட்டால் பாக்கெட்டிலிருந்து கிள்ளி எடுத்துத் தருவார்கள், சில ரூபாய்தான். பரவலாகப் புழங்குவது 6 மில்லிமீட்டர் சதுரம். சிறிய சாதனங்களில் அதைவிடவும் சின்னது, துவரம்பருப்பு அளவு. உள்ளே குடை கவிழ்த்த மாதிரி வளைந்த ஒரு மெல்லிய உலோகத் தகடு. அமுக்கினால் ‘டக்’ என்று உள்வாங்கிக் கீழே இருக்கும் முனையைத் தொடும். விட்டால் திரும்ப எழும்பிக்கொள்ளும். அந்த ‘டக்’தான் நம் விரலுக்குத் தெரிவது. வாஷிங் மெஷினில், இண்டக்‌ஷன் அடுப்பில், கார் சாவியில், டிவியின் பக்கவாட்டில் எல்லாம் இருப்பது இந்தக் குடும்பம்தான். ரிமோட்டில் இருப்பது வேறு. அது ரப்பருக்கு அடியில் கறுப்புக் கார்பன் வில்லை. அதனால்தான் எங்கள் தாத்தா ரிமோட்டை பாலிதீன் கவரில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். நாங்கள் கிண்டல் செய்வோம். இப்போது பார்த்தால், பட்டனைக் காப்பாற்ற வழி தெரிந்த ஒரே மனிதர் எங்கள் வீட்டில் அவர்தான்.

இந்த டேக்ட் ஸ்விட்ச்சுக்கு ஆயுள் உண்டு. மலிவு ரகங்களுக்குத் தயாரிப்பாளர்களே போடும் கணக்கு, சுமார் ஒரு லட்சம் அமுக்கல். கேட்கும்போது பெரிய எண்ணிக்கையாகத் தெரியும். அண்ணனின் சாதனத்தில் எத்தனை முறை இழுத்தார் என்று காட்டும் எண்ணி இருக்கிறது. ஒரு நாளைக்குச் சராசரியாக 240. சிகரெட் மாதிரி பிடித்து முடித்துக் காலால் நசுக்குவதற்கு இது ஒரு முடிவுள்ள பொருள் இல்லை, நினைத்தபோதெல்லாம் ஒரு இழுப்பு, அதனால் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். 240ஐ 210 நாளால் பெருக்குங்கள். ஏழு மாதத்தில் 50,400. வாஷிங் மெஷின் பட்டன் இந்த எண்ணிக்கையைத் தொட, நாளுக்கு ஐந்து அமுக்கல் என்று வைத்துக்கொண்டாலும், 27 வருஷம் ஆகும்.

சரி, ஒரு லட்சம் என்று சொன்னவர்கள் பாதியிலேயே ஏன் கைவிட்டார்கள்? அந்த ஒரு லட்சம் என்பது சுத்தமான இடத்தில், இயந்திரம் நேராக அமுக்கி எடுத்த கணக்கு. நிஜத்தில் அந்தப் பட்டனைச் சுற்றியுள்ள இடுக்கில் கால்சட்டைப் பையின் பஞ்சு போகும். மேலே டேங்கிலிருந்து கசிந்த திரவம் இறங்கும். கிளிசரினும் பஞ்சும் சேர்ந்தால் என்ன ஆகும்? பசை. பட்டன் அமுங்கும், எழும்பாது. அல்லது எழும்பும், ஆனால் உள்ளே தகடு முனையைச் சரியாகத் தொடாது. விரலை ஓரமாக வைத்து அமுக்கினால் வேலை செய்யும், நடுவில் அமுக்கினால் செய்யாது. அண்ணன் கடைசி இரண்டு வாரம் அப்படித்தான் ஓட்டியிருக்கிறார். “இடது மூலையில நகத்தால அமுக்கணும். அதுக்கு ஒரு டெக்னிக் இருக்கு” என்று ஏதோ வீணை வாசிப்பதுபோலச் சொன்னார்.

இன்னொரு கோளாறு எனக்கு நன்றாகப் புரிந்தது. ஆபீஸில் என் மவுஸுக்கும் அதே வியாதி. ஒருமுறை கிளிக் செய்தால் இரண்டு முறை கிளிக் ஆகும். உலோகம் உலோகத்தைத் தொடும்போது ஒரே தொடலில் நிற்காது, பந்து தரையில் துள்ளுவதுபோல, கண்ணுக்குத் தெரியாத நேரத்தில் பலமுறை துள்ளி அடங்கும். சில மில்லி நொடிதான். அந்தத் துள்ளலைக் கண்டுகொள்ளாமல் விடும்படி சிப்பில் எழுதியிருப்பார்கள். தகடு தேய்ந்து, முனையில் அழுக்குப் படிந்தால் துள்ளல் நீளும். சிப் குழம்பும். மவுஸில் இது நடந்தால் ஃபைல் இரண்டு முறை திறக்கும், திட்டிவிட்டுப் போகலாம். ஐந்து முறை அமுக்கினால்தான் ஆன் ஆகும் என்ற சாதனத்தில் நடந்தால்? நீங்கள் ஐந்து அமுக்குவீர்கள், அது ஏழு என்று எண்ணும். ஆன் ஆகாது. திரும்ப ஐந்து. இப்போது நான்கு என்று எண்ணும். அன்றைக்கு அண்ணன் கடைக்கு வருவதற்கு முன் வீட்டிலும், படிக்கட்டிலும், தெருமுனையிலுமாக நாற்பது நிமிஷம் அமுக்கியிருக்கிறார்.

பட்டன் சொதப்புவதில் இன்னொரு ரகமும் உண்டு. அது அண்ணனுடையது இல்லை என்பதில் எனக்கு நிம்மதி. சிப்பே இல்லாத, முழுக்க முழுக்க மெக்கானிக்கல் குழாய்கள் இருக்கின்றன. பேட்டரி, கம்பிச்சுருள், நடுவில் ஸ்விட்ச், அவ்வளவுதான். அண்ணனுடையதில் ஸ்விட்ச் வெறும் ‘தகவல்’ சொல்கிறது, மின்சாரத்தைச் சுமப்பது வேறொரு பாகம். குழாயிலோ மொத்த மின்சாரமும் ஸ்விட்ச் வழியாகவே போகிறது. முழு சார்ஜில் பேட்டரி 4.2 வோல்ட், கம்பிச்சுருளின் தடை 0.2 ஓம் என்றால், வகுத்துப் பாருங்கள், 21 ஆம்பியர். நம் வீட்டில் கீசருக்கும் ஏசிக்கும் போடும் பெரிய ஸ்விட்ச் 16 ஆம்பியர். அதைவிட அதிகமான ஓட்டம், உள்ளங்கையில் இருக்கும் ஒரு ஸ்பிரிங் பட்டன் வழியாக! ஒவ்வொரு முறையும் முனையில் பொறி பறக்கும், கரி படியும், குழி விழும். வெள்ளி முலாம் பூசுவார்கள், ஸ்பிரிங்குக்குப் பதில் காந்தம் வைப்பார்கள். எல்லாம் அந்தத் தொல்லைக்கு மருந்துதான். பட்டன் ஒட்டிக்கொண்டால் நிறுத்த ஆளில்லை. பேட்டரி கொதித்து வெடித்து, 2018இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஒருவர் உயிரே போயிருக்கிறது. அடுத்த ஆண்டு டெக்சாஸிலும் ஒரு மரணம்.

அந்த இரவு

திரும்பக் கடை வாசலுக்கு வருகிறேன்.

அன்றைக்கு நான் அரை மணி நேரம் பேசினேன். எடிட்டர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். பெரியம்மா மூட்டுவலி, அத்தை பெண் கல்யாணத் தேதி, எங்கள் தெருவில் போட்ட புது ரோடு பெயர்ந்த கதை எல்லாம் சொன்னேன். அண்ணன் ‘ம்... ம்...’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். நடுநடுவே அந்தப் பட்டன் சத்தம் கேட்டது. டக், டக், டக், டக், டக். கொஞ்சம் இடைவெளி. திரும்ப டக், டக்...

“சரி, நீ வேலையப் பாரு” என்று வைத்துவிட்டார்.

உள்ளே போய் வாங்கிவிட்டார். ஒரு பாக்கெட். அன்றைக்கு நான்கு சிகரெட். மீதியைக் காரின் டாஷ்போர்டில் வைத்து, மறுநாள் மூன்று. மூன்றாம் நாள் அண்ணி பார்த்துவிட்டார். திட்டவில்லையாம். அதுதான் தாங்கவில்லை என்றார்.

“விடறதுன்னு முடிவு பண்ணது நானு. பதினொரு மாசம் தாக்குப்பிடிச்சது நானு. கடைசியில ரெண்டு ரூபா ஸ்விட்ச் முடிவு பண்ணிடுச்சு பாத்தியா?”

சமாதானம் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பட்டன் மேல் மொத்தப் பழியையும் போடுவது கொஞ்சம் வசதியான சாக்கு என்றுகூட நினைத்தேன், சொல்லவில்லை. பிறகு படித்துப் பார்த்தபோது அந்த நினைப்பு மாறிவிட்டது. இங்கிலாந்தில் 886 பேரிடம் நடத்திய ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. சிகரெட்டை விடப் பாதிப் பேருக்கு இ-சிகரெட், மீதிப் பேருக்கு நிக்கோடின் பட்டை, சூயிங்கம் போன்றவை. ஓராண்டு கழித்து இ-சிகரெட் குழுவில் 18 சதவிகிதம் பேரும், மற்றக் குழுவில் 9.9 சதவிகிதம் பேரும் சிகரெட்டைத் தொடாமல் இருந்தார்கள். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. இ-சிகரெட்டால் விட்டவர்களில் 80 சதவிகிதம் பேர் ஓராண்டு முடிவிலும் இ-சிகரெட்டைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். மற்றக் குழுவில் விட்டவர்களில் பட்டையோ சூயிங்கமோ தொடர்ந்தவர்கள் 9 சதவிகிதம்தான்.

அதாவது, அண்ணனைப் போன்றவர்கள் சிகரெட் என்ற கம்பை விட்டுவிட்டு இன்னொரு கம்பைப் பிடித்து நடக்கிறார்கள். நிக்கோடின் அடிமைத்தனம் அப்படியேதான் இருக்கிறது. அந்தக் கம்பு உடைந்தால், விழும் இடம் எதிரே இருக்கிற பெட்டிக்கடை. மருந்துக் கடையில் வாங்கும் சூயிங்கத்துக்குப் பட்டன் கிடையாது, ரிப்பேரும் ஆகாது.

அங்கே இதற்குச் சட்டம் நிறைய இருக்கிறது. டேங்க் 2 மில்லி லிட்டருக்கு மேல் கூடாது. திரவ பாட்டில் 10 மில்லி லிட்டர். நிக்கோடின் ஒரு மில்லி லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. பாட்டில் மூடி குழந்தைகள் திறக்க முடியாதபடி இருக்க வேண்டும். எல்லாம் சரிதான். பட்டன் எத்தனை அமுக்கல் தாங்க வேண்டும் என்று மட்டும் அதில் ஒரு எண்ணும் இல்லை. ‘சிகரெட்டை விட உதவும் கருவி’ என்று அரசு கையில் கொடுக்கிறது; செய்கிறவர்களோ திருவிழாக் கடை லைட் பொம்மைக்குப் போடும் ஸ்விட்ச்சைப் போட்டு அனுப்புகிறார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். ஆஸ்துமாவுக்கு மருந்து இழுக்கும் இன்ஹேலர், அமுக்கினால் ஐந்தில் ஒரு முறைதான் வேலை செய்யும் என்றால் சும்மா விடுவோமா?

வாங்கிய கடைக்கு அண்ணன் போனார். பிரிட்டனில் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் ஒன்று இருக்கிறது. வாங்கிய 30 நாளுக்குள் கோளாறு என்றால் முழுப் பணமும் திரும்ப வாங்கலாம். ஆறு மாதத்துக்குள் என்றால், கோளாறு வாங்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பொறுப்பு. ஆறு மாதம் தாண்டினால் நாம் நிரூபிக்க வேண்டும். அண்ணனுடையதற்கு ஏழு மாதம். கவுன்டரில் இருந்த பையன் ரொம்ப மரியாதையாகச் சொன்னானாம், “இதையெல்லாம் யாரும் ரிப்பேர் செய்வதில்லை சார், புதுசு 20 பவுண்ட்தான்.”

அந்த ‘தான்’ நம்மூரிலும் கேட்டுப் பழகியதுதான். அங்கே அது எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா? ஒருமுறை பிடித்துவிட்டுத் தூக்கிப் போடும் ரகங்கள் பெருகி, 2023 கணக்குப்படி வாரத்துக்குக் கிட்டத்தட்ட 50 லட்சம் குப்பைக்குப் போயின. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு லித்தியம் பேட்டரி. கடைசியில் 2025 ஜூன் 1 முதல் அந்த ரகத்தை விற்கவே தடை போட்டார்கள். இப்போது சார்ஜ் செய்யக்கூடியதுதான் விற்கலாம். பேட்டரியைத் திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யலாம், பட்டனை என்ன செய்வது?

அண்ணன் இன்ஜினீயர் ஆயிற்றே. சமையலறை மேஜையில் பேப்பர் விரித்து, பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு, ஐசோப்ரோப்பில் ஆல்கஹாலில் காது குடையும் பஞ்சை நனைத்துப் பட்டன் இடுக்கைத் துடைத்து, ஒரு ராத்திரி முழுக்கக் காயவிட்டார். மறுநாள் ‘டக்’ சத்தம் சுத்தமாகக் கேட்டது. வாய்ஸ் நோட்டில் அந்தச் சத்தத்தை எனக்கு அனுப்பினார். மூன்று வாரம் உழைத்தது. பிறகு திரும்பவும் இடது மூலை, நகம். அப்புறம் அந்த 20 பவுண்டைக் கொடுத்துப் புதிது வாங்கினார். ஒன்றல்ல, இரண்டு. ஒன்று அண்ணியின் கைப்பையில் ஸ்பேர்.

தை மாதம் அத்தை பெண் கல்யாணத்துக்கு எல்லோரும் திருச்சிக்கு வந்தார்கள். இங்கே கொண்டுவருவது குற்றம், அதனால் இரண்டையும் லண்டன் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். திருச்சி மருந்துக் கடையில் 2 மில்லிகிராம் நிக்கோடின் சூயிங்கம் வாங்கிக் கொடுத்தேன். மென்று பார்த்து, “மிளகும் சோப்பும் சேர்ந்த மாதிரி இருக்கு” என்றார். மண்டபத்துக்கு எதிரே டீக்கடை. கண்ணாடி ஜாடியில் தேங்காய் பன், பக்கத்தில் சிகரெட். நம் ஊரில் பாக்கெட்டில் 85 சதவிகித இடத்தை எச்சரிக்கைப் படம் நிரப்ப வேண்டும் என்று விதி. ஒற்றையாக ஒன்று வாங்குபவருக்கு அந்தப் படம் கண்ணிலேயே படாது.

மூன்று நாளும் அண்ணன் அந்தக் கடையில்தான் டீ குடித்தார். ஒவ்வொரு முறையும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார், “நீ வந்தா வாங்க மாட்டேன்” என்று. முகூர்த்தத்தன்று நான் மணப்பெண்ணோடு மாட்டிக்கொண்டேன். தேடிப் போய்ப் பார்த்தால், பெரியம்மா அவர் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, பட்டுப்புடவை கசங்க, டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். டீக்கடை வாசலில் பெரியம்மாவை நான் அதுவரை பார்த்ததே இல்லை. இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. அண்ணனின் வலது கட்டைவிரல் மட்டும் டீ கிளாஸின் ஓரத்தில் அமுக்கிக்கொண்டே இருந்தது. ஐந்து முறை. கொஞ்சம் இடைவெளி. திரும்ப ஐந்து.

இப்போது லண்டனில் திரவத்தின் நிக்கோடின் அளவை 20இலிருந்து 6க்குக் குறைத்திருக்கிறார். இழுப்பு எண்ணி நேற்று 150ஐக் காட்டியதாம். அண்ணி கைப்பையில் இருக்கும் ஸ்பேர் இன்னும் பெட்டியைவிட்டே வெளியே வரவில்லை.

(சிகரெட், பீடி, புகையிலையை விட நினைப்பவர்கள் மத்திய அரசின் கட்டணமில்லா எண் 1800-11-2356இல் ஆலோசனை பெறலாம். அடுத்த வாரம்: கேஸ் லைட்டர் ஏன் மழைக்காலத்தில் மட்டும் அடம் பிடிக்கிறது?)